பைன் மரத்தின் பரம்பரைச் சொத்து யாருக்கு?

புதுதில்லி: ஹைதராபாத் மாநகரின் வடக்கே, செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிக் கரீம்நகர் செல்லும் சாலையில் இருக்கிறது லோத்குண்டா. அங்கே பைன் மரம் கிடையாது. தக்காணத்துக் கோடை வெயில் அதற்கு ஒத்துவராது. ஆனால், அப்பகுதிக் கோயில்களில் அன்றாடம் ஏற்றப்படும் கற்பூரத்துக்கு மூலம் பைன் மரம்தான். கற்பூர மரத்தின் கட்டையைக் காய்ச்சி வடித்து எடுத்த காலம் போய்விட்டது. இன்று சந்தைக்கு வரும் கற்பூரத்தில் பெரும்பகுதி, பைன் பிசினிலிருந்து இறக்கப்படும் டர்பென்டைனில் உள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற வேதிப்பொருளைக் கொண்டு ஆலைகளில் தயாராகிறது. காஞ்சிபுரத்தில் தயாராகும் கற்பூரத்துக்கும் அதுவே மூலப்பொருள்.

இந்த மூலப்பொருளுக்கு நம் ஆலைகள் பெரிதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கின்றன. இமயமலைச் சரிவுகளில் லட்சக்கணக்கான ஹெக்டேர் பைன் காடு இருக்கும் நாட்டில் இந்த நிலை ஏன் என்று கேட்பது இயல்பு. விடையின் ஒரு பகுதி வணிகத்திலும் நிர்வாகத்திலும் இருக்கிறது. மற்றொரு பகுதி மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இமயத்தின் சிர் பைன் தரும் டர்பென்டைனில் ஆல்ஃபா-பைனீனைவிட 3-கேரீன் என்ற வேறொரு பொருளே பொதுவாக மிகுதி. கற்பூர ஆலைக்கு அதனால் பயனில்லை. மேகாலயத்தின் காசி பைனிலோ ஆல்ஃபா-பைனீன் மிகுதியாக உள்ளது. எந்தப் பொருள் எந்த அளவில் ஊறும் என்பதை மண்ணும் மழையும் மட்டும் முடிவு செய்வதில்லை. மரம் தன் தாய்மரத்திடமிருந்தும் மகரந்தம் தந்த மரத்திடமிருந்தும் பெற்ற மரபணுக்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஒரே காட்டில் அருகருகே நிற்கும் இரு மரங்கள்கூட இதில் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அப்படியானால், எந்த மரத்தின் விதையை எடுத்து அடுத்த தலைமுறைக் காட்டை வளர்ப்பது? அதைத் தீர்மானிப்பவர் யார்? அதனால் வரும் பலன் யாருக்கு? விஞ்ஞானிகளின் கேள்வியாகத் தோன்றும் இது, உண்மையில் இமயமலை மாநிலங்களின் அரசியல் கேள்வி.

சென்னைப் பேராசிரியரின் பங்கு

சிர் பைனின் வேதியியலில் இந்தியா பின்தங்கித் தொடங்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் லயனல் சைமன்சன், இந்திய அறிவியல் மாநாடு என்ற அமைப்பு உருவாகக் காரணமான இருவரில் ஒருவர். அதன் முதல் கூட்டம் 1914-ல் கல்கத்தாவில் நடைபெற்றது. பின்னர் டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்ற அவர், சிர் பைன் டர்பென்டைனைப் பகுத்தாராய்ந்து 1920-ல் முடிவுகளை வெளியிட்டார். கேரீன், லாங்கிஃபோலீன் ஆகிய இரு பொருள்களும் உலகுக்கு அறிமுகமானது அந்த ஆய்வின் வழியாகத்தான்.

லாங்கிஃபோலீன் என்ற பெயரே இந்த மரத்தின் பழைய தாவரவியல் பெயரான பைனஸ் லாங்கிஃபோலியா என்பதிலிருந்து வந்தது. இன்றைய பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, இன்றைய ஆந்திரத்தின் சாமல்கோட்டாவில் தோட்டம் அமைத்துத் தாவரங்களை ஆராய்ந்து, 1793-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்கின் நினைவாக அமைந்த பெயர் அது. லாங்கிஃபோலீனின் சிக்கலான மூலக்கூறு அமைப்பு 1950-களில் தெளிவாயிற்று. அதன் வேதி வினைகளைப் பற்றிய ஆய்வில் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் சுக்தேவ் பெயர் பெற்றார்.

பிசினில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இப்படி இந்தியாவிலேயே விடை கிடைத்தது. மரத்துக்கு மரம் அது ஏன் மாறுகிறது என்ற அடுத்த கேள்விக்கான முக்கிய விடைகளோ வெளிநாடுகளிலிருந்து வந்தன.

மாங்கொட்டையும் பைன் விதையும்

மாங்கொட்டையை நட்டால் தாய்மரத்தின் சுவை அப்படியே கிடைக்காது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த செய்தி. அதனால்தான் ஒட்டுக்கன்று கட்டுகிறோம். பைன் மரத்துக்கும் இது பொருந்தும். அதன் மகரந்தம் காற்றில் பறந்து வருவது. தாய் எது என்று தெரிந்தாலும் தந்தை எது என்று தெரியாது. எனவே, ஒரே மரத்தின் விதைகளில் முளைத்த கன்றுகளிலும் வேறுபாடு இருக்கும்.

இங்கு இரண்டு பண்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பிசினின் தன்மை, அதாவது அதில் எந்தப் பொருள் எத்தனை பங்கு என்பது. இரண்டாவது, பிசினின் அளவு.

தன்மையைப் பொருத்தவரை, சில பொருள்களின் பரம்பரை விதி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. அமெரிக்காவின் மேற்கத்திய வெள்ளைப் பைனை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹனோவர், அதில் 3-கேரீன் ஊறுவது ஏறக்குறைய ஒரே மரபணுவின் கட்டுப்பாட்டில் இருப்பதை 1966-ல் எடுத்துக்காட்டினார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட கணக்கு பைன் பிசினிலும் தென்பட்டது. பிரான்சின் கடலோரப் பைன், ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் ஆகியவற்றிலும் இதையொத்த முடிவுகள் கிடைத்தன. மரபணுச் சோதனை வசதிகள் பரவுவதற்கு முன், ஒரு மரம் எந்தக் காட்டைச் சேர்ந்த வம்சம் என்று கண்டறிய அதன் பிசினையே ஆய்வாளர்கள் அடையாளமாகக் கொண்டனர்.

அளவு அப்படி எளிதில் பிடிபடுவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. வெப்பம், ஈரம், மரத்தின் பருமன், கீறும் முறை ஆகியவையும் அதை மாற்றும். எனினும், பரம்பரையின் பங்கு கணிசமானது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1940-களில் ஸ்லாஷ் பைன் மரங்களில் பிசின் மிகுதியாகத் தருபவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, அவற்றின் சந்ததியை வளர்த்துப் பார்த்தனர். சராசரி மரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பிசின் தரும் சந்ததி கிடைத்தது. அமெரிக்காவில் பிசின் இறக்கும் தொழிலே பின்னாளில் தேய்ந்துவிட்டது. அந்த மரத்தைத் தன் மண்ணில் நட்டுத் தேர்ந்தெடுத்து வளர்த்த பிரேசில், இன்று சீனாவுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் பிசின் உற்பத்தி நாடாகத் திகழ்கிறது.

டேராடூனில் தொடங்கியது, முடியாதது

இந்தியாவில் இத்தகைய சிந்தனையே எழவில்லை என்று சொல்ல முடியாது. சிர் பைன் மரங்களில் கணிசமானவை நேராக வளர்ந்தாலும், உள்ளே மர இழை கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டை பலகை அறுக்க உதவாது. இந்த முறுக்கு, மண்ணின் கோளாறா, பிறவிக் குணமா என்று 1920-களில் ஆராய்ந்த வன அதிகாரி ஹாரி சாம்பியன், அது பரம்பரையாக வருவது என்ற முடிவுக்கு வந்தார். நல்ல மரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு முறுக்கு மரங்களை விதைக்கு விட்டால் அடுத்த தலைமுறைக் காடும் முறுக்காகவே இருக்கும் என்பது அதன் பொருள்.

பின்னாளில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையமும், இமாசலப் பிரதேசம் சோலன் அருகே நௌனியில் உள்ள டாக்டர் ஒய்.எஸ். பர்மார் தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகமும், அதிகப் பிசின் தரும் சிர் பைன் மரங்களைத் தேடிக் கண்டறிந்து, அவற்றின் விதையில் வளர்ந்த கன்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பணியில் ஈடுபட்டன. சாதாரண மரத்தைப் போல் பல மடங்கு பிசின் தரும் மரங்கள் நம் காடுகளிலேயே இருப்பது அப்பணிகளில் தெரியவந்தது.

ஆனால், பைன் வளர்ந்து பிசின் இறக்கும் பருவத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். தேர்ந்தெடுத்த மரத்தின் பிள்ளையைச் சோதித்து, அதன் விதையை மீண்டும் நட்டுப் பலன் காண ஓர் ஆராய்ச்சியாளரின் பணிக்காலம் போதாது. இளங்கன்றிலேயே சிறு கீறலிட்டுப் பின்னாளைய அளவைக் கணிக்கும் முறையை அமெரிக்கர்கள் உருவாக்கியிருந்தாலும், அதற்கும் தொடர்ச்சியான நிதியும் ஆள்பலமும் வேண்டும். ஐந்தாண்டுத் திட்டங்களிலும் ஐந்தாண்டு ஆட்சிகளிலும் இத்தகைய பணிக்கு இடம் கிடைப்பது அரிது. 2014-ல் அமெரிக்காவின் லோப்லாலி பைனின் மரபணுத் தொகுப்பு முழுவதும் வெளியிடப்பட்டது. 2,200 கோடி எழுத்துகள் கொண்ட அது, மனிதனுடையதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அந்த அறிவை நம் மரத்துக்குப் பயன்படுத்தும் வாய்ப்பு இன்று இருக்கிறது.

பிசினும் கலகமும்

சிர் பைனை வெறும் தொழில் மூலப்பொருளாகப் பார்த்ததன் விலையை உத்தரகண்ட் மலை மக்கள் நூறாண்டுகளாகக் கொடுத்து வருகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு பிசின் இறக்கும் தொழிலை ஆங்கில அரசு தொடங்கியது. மலை மக்கள் பிசினை லீசா என்பர். மரத்தின் அடிப்பகுதியில் ஆழமாக வெட்டி, தகடு பொருத்தி, கீழே கிண்ணம் கட்டி எடுத்தனர். அதைக் காய்ச்சினால் ஏறக்குறைய முக்கால் பங்கு ரோசின் என்ற கட்டிப் பிசினாகவும், ஐந்தில் ஒரு பங்கு அளவில் டர்பென்டைனாகவும் பிரியும். காகிதம், சோப்பு, அச்சு மை, வார்னிஷ், ஒட்டுப்பசை என ரோசின் சேராத தொழில் குறைவு.

இந்த வருவாய்க்காக 1911-க்குப் பின் குமாவோன் காடுகள் பெருமளவில் ஒதுக்கப்பட்டன. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தடை வந்தது. 1921-ல், கூலியின்றிச் சுமை தூக்க வைக்கும் வழக்கத்துக்கு எதிராக பத்ரி தத் பாண்டே போன்றோர் நடத்திய பாகேஸ்வர் போராட்டத்தைத் தொடர்ந்து, அந்தக் கோடையில் பைன் காடுகள் பற்றியெரிந்தன. மக்கள் தீ வைத்தது பிசின் இறக்கும் பைன் காடுகளுக்கே என்றும், தங்களுக்குத் தீவனமும் உரமும் தந்த ஓக் போன்ற அகன்ற இலைக் காடுகளை அவர்கள் விட்டுவைத்தனர் என்றும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியுள்ளார். அந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. பிசின் வருவாயின் மீது தங்களுக்கு முழு அதிகாரம் இல்லை என்பது அவற்றின் நெடுநாள் குறை.

விடுதலைக்குப் பின்னும் அடிப்படை மாறவில்லை. சிப்கோ இயக்கத்தின் தாயகமான கோபேஸ்வரில் சண்டி பிரசாத் பட்டும் தோழர்களும் நடத்திய தசோலி கிராம சுவராஜ்ய சங்கம் சிறிய பிசின் ஆலை ஒன்றை நிறுவியது. சமவெளியில் பரேலியில் இருந்த பெரிய ஆலைக்குச் சலுகை விலையில் பிசின் கிடைத்தபோது, காட்டின் மடியிலிருந்த இந்த ஆலைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1973-ல் மரங்களைக் கட்டிப்பிடித்த மக்களின் மனக்குறைகளில் இதுவும் ஒன்று. மரம் வெட்டுவதைப் பற்றி நாடு பேசியது; பிசின் விலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தீயின் கணக்கு

சிர் பைன் காட்டின் தரையில் கோடையில் உதிரும் ஊசியிலைச் சருகை மலை மக்கள் பிரூல் என்கின்றனர். எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சருகு எளிதில் தீப்பற்றும். பிசின் இறக்கக் கீறிய காயத்தில் தீ ஏறினால் மரம் அடியிலேயே எரிந்து விழும். 2024 கோடையில் உத்தரகண்டில் பரவிய தீ குறித்து அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. வன ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியதும், தீத்தடுப்புக்குப் போதிய நிதி தராததும் விசாரணையில் பேசப்பட்டன. ஜூன் மாதம் அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற ஊழியர்கள் நால்வர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தனர்.

சருகைச் சேகரித்து விற்போருக்குக் கிலோவுக்கு ரூ.50 என்று அதே ஆண்டு மாநில அரசு அறிவித்தது. சருகிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டமும் 2018 முதல் பேசப்படுகிறது. இவை தேவையானவைதாம். ஆனால், விழுந்த சருகை அள்ளுவதோடு வேலை முடிந்துவிடாது. எத்தனை பைன் மரம் வேண்டும், எங்கே வேண்டும் என்ற கேள்வி அதற்கு முன்பே எழ வேண்டும்.

குறைந்த மரம், கூடுதல் பிசின்

பரம்பரை ஆய்வுக்கு இங்குதான் மக்கள் சார்ந்த பொருள் கிடைக்கிறது. ஒரு மரம் சராசரியைப் போல் இரு மடங்கு பிசின் தருமானால், அதே அளவு பிசினுக்குப் பாதி மரம் போதும். மீதி இடத்தில், ஊற்றுகளைக் காப்பதும் கால்நடைக்குத் தீவனம் தருவதுமான பாஞ்ச் என்ற ஓக் மரத்துக்கு வழிவிடலாம். காட்டை மேலும் பைன் மயமாக்குவதற்கு அல்ல, பைனைக் குறைத்தும் வருவாயைக் காப்பதற்கே இந்த அறிவு பயன்பட வேண்டும்.

ஆழமாக வெட்டும் பழைய முறை போய், பட்டையை மட்டும் கீறி அமிலக் கலவை தெளிக்கும் முறையும், துளையிட்டு மூடிய பையில் பிசின் சேகரிக்கும் முறையும் வந்துள்ளன. பின்னது மரத்துக்குக் குறைந்த காயம், தொழிலாளிக்குக் குறைந்த ஆபத்து. நேபாளத்திலிருந்து வரும் ஏழைத் தொழிலாளர்கள் உள்பட இத்தொழிலில் இருப்போர் அமிலத்தோடும் செங்குத்துச் சரிவோடும் போராடுகின்றனர். ஒரு மரத்தில் கூடுதலாகக் கிடைத்தால் அவர்கள் நடக்கும் தூரமும் குறையும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிசின் மனிதனுக்காக ஊறுவதல்ல. பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ள மரம் வைத்திருக்கும் ஆயுதம். பைனின் உறவான சிட்கா ஸ்புரூஸ் மரத்தைக் கனடாவில் ஆராய்ந்தவர்கள், கூன்வண்டின் தாக்குதலைத் தாங்கும் மரங்களில் 3-கேரீன் மிகுந்திருப்பதைக் கண்டனர். சந்தை ஒதுக்கும் பொருளே மரத்தைக் காக்கும் பொருளாக இருக்கக்கூடும். கற்பூரத்துக்கு ஏற்றது என்று ஒரே வகைப் பிசின் தரும் மரங்களை மட்டும் நட்டால், அதை வெல்லக் கற்ற ஒரு பூச்சி முழுக் காட்டையும் அழிக்கும். எனவே, தேர்ந்தெடுப்பதோடு வேறுபாட்டைக் காப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

தமிழகத்துக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மெக்சிகோவின் பேட்டுலா பைனை நட்டதில், சோலைக் காட்டோடு சேர்ந்த புல்வெளிகள் பல இடங்களில் மறைந்தன. அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட வேண்டியதாயிற்று. அதேவேளையில், கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தந்த சவுக்கு ரகங்கள் விவசாயிகளின் வயலுக்கு வந்திருக்கின்றன. மரத்தின் பரம்பரையைப் படிப்பது ஆய்வகத்தோடு நின்றுவிடும் காரியமல்ல என்பதற்கு அதுவே சான்று.

வேம்பு தந்த பாடம்

லோத்குண்டாவுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், தூலப்பள்ளியில், மத்திய அரசின் வன உயிர்ப் பன்மய நிறுவனம் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆராய்ச்சி, கல்விக் குழுவின் கீழ் இயங்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. தக்காணத்தில் பைன் இல்லாவிட்டாலும், வேம்பு இருக்கிறது. வேப்பங்கொட்டையில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டினின் அளவும் மரத்துக்கு மரம், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதுதான்.

அந்த வேம்பின் மீது அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.ஆர். கிரேஸும் அமெரிக்க வேளாண் துறையும் பெற்ற காப்புரிமையை வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்துப் போராடியதையும், ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் 2000-ல் அதை ரத்து செய்ததையும், மேல்முறையீடு 2005-ல் தள்ளுபடியானதையும் தமிழ் வாசகர்கள் அறிவர். இதுபோன்ற சர்ச்சைகளின் பின்னணியில்தான் 2002-ல் உயிர்ப் பன்மயச் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய உயிர்ப் பன்மய ஆணையம் சென்னையில் அமைந்தது.

அயல்நாட்டு நிறுவனத்திடம் பறிபோவதைத் தடுப்பது ஒரு பாதி. உள்நாட்டு நிறுவனம் எடுத்துப் பயன்பெறும்போது மலைக் கிராமத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது மறு பாதி. இந்திய நிறுவனங்களும் பலனைப் பகிர்ந்தளிக்கக் கடமைப்பட்டவை என்று 2018 டிசம்பரில் திவ்யா ஃபார்மசி வழக்கில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர், சாகுபடி செய்யப்பட்ட மருத்துவத் தாவரங்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு அளித்தது. குற்றவியல் தண்டனையை நீக்கி அபராதத்தை வைத்தது. தொழில் வளர இது வேண்டும் என்கிறது அரசு. பகிர்வின் அடிப்படையே ஆட்டம் காணும் என்கின்றனர் சூழலியலாளர்கள்.

செய்ய வேண்டியது

பைன் காடுகளைப் பொருத்தவரை செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. ஆண்டுதோறும் ஒவ்வொரு மரத்திலும் கீறிப் பிசின் எடுக்கும் தொழிலாளிக்கு எது அதிகம் தரும் மரம் என்பது தெரியும். அந்த அறிவை வன பஞ்சாயத்து வாரியாகப் பதிவு செய்வது பெரும் செலவு பிடிக்கும் வேலையல்ல. அப்படிக் குறிக்கப்பட்ட தாய்மரங்களை வெட்டாமல், அளவுக்கு மீறிக் கீறாமல் காக்க வேண்டும். அவற்றின் விதையையும் ஒட்டையும் கொண்டு வளர்க்கும் விதைத் தோப்புகளுக்கு, ஆட்சி மாறினாலும் மாறாத நிதி ஒதுக்கீடு வேண்டும். பல பள்ளத்தாக்குகளிலிருந்து மரங்களைத் தேர்ந்தெடுத்து வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தாவரங்களிலிருந்து கிடைக்கும் மரமல்லாத விளைபொருள்களைச் சிறு வனப்பொருள் என்று வரையறுத்து, காடு சார்ந்த மக்களுக்கு அவற்றின் மீது உரிமை தந்திருக்கிறது. பைன் பிசின் மட்டும் இன்னும் அரசுத் துறைகளின், கழகங்களின் பிடியிலேயே பெரிதும் இருக்கிறது. தாய்மரத்தைக் காட்டித் தந்த கிராமத்துக்கு அதன் சந்ததி தரும் வருவாயில் பங்கு உண்டு என்று சட்டப்படி எழுதிக்கொடுத்தால், கோடையில் காட்டுக்குத் தீ வராமல் காவல் நிற்க அரசு ஆள் தேட வேண்டியிருக்காது. 1921-ல் தங்களுக்குப் பயன் தந்த காட்டைத் தீயிலிருந்து விட்டுவைத்த மக்கள் அவர்கள்.